பலா உடல், தேக்குக் கழுத்து: சாரல் ஊரில் ஒரு மின் கிட்டார்

செங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு இந்த மின் கிட்டாரைச் செய்து தரக் கேட்டு வந்தவர் புனலூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிப்பார், கோயில் கொடை சீசனில் இன்னிசைக் குழுவோடு தென்காசிப் பக்கம் மேடை ஏறுவார், வீட்டில் தனியாக இருக்கும்போது கர்நாடக சங்கீதம் பழகுவார். உடல் பலா மரத்தில் வேண்டும், மேல் ஸ்தாயியில் கமகம் இழுக்கத் தோதாக ஃபிங்கர்போர்டை, அதாவது கழுத்தின் மேல் விரல் பதியும் பலகையை, குடைந்து தர வேண்டும், சீரியல் செட் விளக்கு எரிகிற மேடையில் இரையக் கூடாது. இவ்வளவுதான் அவர் கேட்டது.

பலா எதற்கு என்று கேட்டேன். "வீணையெல்லாம் பிலாவுலதானே சேட்டா செய்யுறாங்க, அந்த நாதம் இதுலயும் கொஞ்சம் வரட்டும்" என்றார்.

அந்த நாதம் வராது. முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன். வீணையில் கம்பியின் அசைவு குதிரை வழியாகக் குடத்துக்கு இறங்குகிறது. மெல்லிய மேல்பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்துதான் நம் காதுக்கு வருகிறது. அங்கே மரம் பாடுகிறது என்று தாராளமாகச் சொல்லலாம். மின் கிட்டாரில் வேலை செய்வது வேறு. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய சுருளும். அந்தக் காந்தம் இரும்புக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கி வைத்திருக்கும். கம்பி அசைய அசைய, சுருளுக்குள் ஓடும் காந்தப் புலம் கூடிக் குறைந்து, அதனால் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். ஆம்ப்ளிஃபையருக்குப் போவது அதுதான். பிக்கப்புக்கு மரத்தின் சத்தம் கேட்காது; கம்பியின் அசைவு மட்டுமே தெரியும்.

இதற்குச் சாட்சி இந்த வாத்தியத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் வெளிவந்த ரிக்கன்பேக்கரின் முதல் மின் கிட்டார் முழுக்க அலுமினிய வார்ப்பு, மடியில் வைத்து வாசிப்பது. அதில் மரமே கிடையாது. 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு சதுரப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். பார்க்கிறவர்களுக்காகத்தான் இரண்டு பக்கமும் கிட்டார் உடலின் பாதிகளை ஒட்டவைத்தார். அலுமினியக் கிட்டாருக்கு வந்த சிக்கல் சத்தத்தில் இல்லை. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி விலகியது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்திலிருந்து மனதில் வைத்திருப்பது இந்தப் பாடம்தான்: மரம் பாட வேண்டாம், அசையாமல் நின்றால் போதும்.

பக்கத்து மர டிப்போவில் ஒரு பெரிய ஆசாரி இருக்கிறார். பாடிக்கு வரைந்த டெம்ப்ளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வயிறே இல்லையே தம்பி, சத்தம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். "கரண்டுல வரும் அண்ணாச்சி" என்றேன். "அப்போ எதுக்கு இவ்வளவு நல்ல மரம்?" என்றார். சரியான கேள்வி. அதற்கான பதில்தான் கீழே வரும் வேலை எல்லாம்.

மரமும் சாரலும்

செங்கோட்டையில் மரவேலை செய்கிறவனுக்கு நாள்காட்டி முக்கியம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும். துவைத்த துணி காயாது. மாசி, பங்குனியில் அதே பட்டறையில் பலகை வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 45 சதவீதமாக நிலைத்தால், மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 8 சதவீத நீரை வைத்துக்கொள்ளும். 65 என்றால் 12 சதவீதம், 85 என்றால் 17-க்கும் மேல். அந்த நீருக்கேற்ப மரம் அகலத்தில் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாது. ஆக, கழுத்தின் நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை; அகலமும் வளைவும்தான் தலைவலி.

வெளிநாட்டு கிட்டார்களில் நெக், அதாவது கழுத்து, பெரும்பாலும் மேப்பிள். இறக்குமதி மேப்பிள் துண்டு வாங்கலாம், விலையும் கொடுக்கலாம். ஆனால் ஈரம் மாறும்போது மேப்பிள் அசைவது தேக்கு அசைவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விறைப்பில் நல்ல தேக்கு மேப்பிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்படியிருக்க, நம் ஊருக்கு எதற்கு மேப்பிள்? வெளிறிய நிறம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் வாங்குகிறேன்.

தேக்கு எனக்குக் கிடைப்பது இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அந்தக் காலத்து ஓட்டு வீடுகளில் உத்திரமும் கைமரமும் தாராளமாக மலைத் தேக்கு. அறுபது எழுபது வருஷம் கூரைக்கடியில் வெயிலும் சாரலும் பார்த்த மரம், இனி புதிதாக முறுக்கிக்கொள்ள வாய்ப்பு குறைவு. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். பெரிய காந்தத்தை மேலே ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளி வைக்காதீர்கள். ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் சிலிக்கா அதிகம், உளி சீக்கிரம் மழுங்கும். இன்னொன்று, மரம் கேரள எல்லை தாண்டி எந்தப் பக்கம் போனாலும் பில் கையில் இருக்கட்டும்.

நெக்குக்கு எடுத்த துண்டை எப்படி அறுப்பது என்பதுதான் பாதி வேலை. வெட்டுமுகத்தில் தெரியும் வளையக் கோடுகள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஈரம் ஏறும்போது நெக் முறுக்கிக்கொள்வது குறையும். சா மில்லில் பலகையைப் படுக்கப்போட்டு அறுத்துத் தந்தால் இது அமையாது. பக்கத்திலேயே நின்று, கோடு போட்டுக் கொடுத்து அறுத்து வாங்க வேண்டும். வெள்ளை மரம் துளிகூட வேண்டாம், முழுக்க வைரம் பாய்ந்த மரம்.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி. தோதகத்தி என்றாலும் இதுதான். உலகத்தில் எத்தனையோ கிட்டார்களின் ஃபிங்கர்போர்டு நம் மலைகளின் ஈட்டி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்த மரப் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். முடிந்த இசைக் கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கொடுத்தார்கள். எனக்கு ஏற்றுமதி ஒன்றும் இல்லை. பழைய ஈட்டிக் கட்டிலின் பக்கச் சட்டம் ஒன்று கிடைத்தால் ஃபிங்கர்போர்டு மூன்று நான்கு வந்துவிடும். இந்த கிட்டாருக்குப் போனதும் அப்படி ஒரு சட்டம்தான்.

பலாவுக்கு வருவோம். நாதத்துக்கு இல்லை என்றாலும் பலா நல்ல மரம். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சீராக இழைபடும், எளிதில் வெடிக்காது, திருகாணி பிடித்து நிற்கும். குறை எடைதான்: வெளிநாட்டில் பாடிக்குப் பயன்படுத்தும் ஆல்டரைவிடக் கனம். அதனால் பாடியின் கனத்தை வழக்கமான 45 மில்லிமீட்டரிலிருந்து 42-ஆகக் குறைத்தேன், முதுகுப் பக்கம் வயிற்றில் படியும் இடத்தை நன்றாகச் சரித்து எடுத்தேன். அப்படியும் நான்கு கிலோவை ஒட்டி வந்தது. தோளில் அகலமான பட்டி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

பலகை காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஈரமானி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால், அந்தப் பருவத்துக் காற்றோடு மரம் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். புதிதாக அறுத்த பலகைக்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு.

மரத்தைக் குடையும் ரூட்டர் இயந்திரத்தில் பாடியின் ஓரம் எடுக்கும்போது பலாவின் தூள் மஞ்சளாகப் பறக்கும். பௌத்தத் துறவிகளின் காவிக்குச் சாயம் எடுத்தது இந்த மரத்தில்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். பலாவில் நார் ஒரு திசையில் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று மறுபக்கம் திரும்பும். கொம்பு வளைவில் ரூட்டர் பிட் நாரைப் பிடித்துத் தூக்கினால் ஒரு விரல் அகலத்துக்குச் சிராய் பெயரும். எனவே முதலில் வாளால் டெம்ப்ளேட் கோட்டுக்கு ஒரு மில்லி வெளியே வரை அறுத்துவிட்டு, ரூட்டருக்குக் கொஞ்சமே மிச்சம் வைக்கிறேன். குழிகளை ஒரு தடவைக்கு 5 மில்லி ஆழத்துக்கு மேல் இறக்குவதில்லை.

ஃப்ரெட் கணக்கு

கம்பியைத் தலைப்பக்கம் தாங்குவது நட், உடல் பக்கம் தாங்கும் குதிரை பிரிட்ஜ். ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம், இரண்டு அளவுகளில் பிரபலம். ஃபெண்டர் கம்பெனி வழி 25.5 அங்குலம், 647.7 மி.மீ. கிப்சன் கம்பெனி வழி 24.75 அங்குலம், 628.65 மி.மீ. கமகம் இழுக்கிறவருக்குக் கம்பி தளர்வாக இருப்பது நல்லது. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீண்ட ஸ்கேலில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 47 கிலோ இழுக்கும் என்றால், குட்டை ஸ்கேலில் 44 கிலோ. விரலுக்கு அந்த ஆறு சதவீதம் நன்றாகவே தெரியும். ஆகவே 628.65.

ஃப்ரெட் என்பது ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோக மெட்டு. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் சுருதி அரைச்சுரம் ஏற வேண்டும். பன்னிரண்டாவதில் நீளம் சரிபாதி ஆக வேண்டும். அப்படியானால் மிச்ச நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து, அந்த அளவு முன்னே போக வேண்டும். முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 35.28 மி.மீ., இரண்டாவது 68.59, பன்னிரண்டாவது 314.33, கடைசி இருபத்திரண்டாவது 452.24. பழைய ஐரோப்பியக் கைவினைஞர்கள் 17.817-க்குப் பதில் 18-ஆல் வகுத்தார்கள். கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் லூட் வாத்தியத்துக்கு இந்த விதியை எழுதி வைத்தார். மனக்கணக்குக்கு எளிது. ஆனால் அந்தக் கணக்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட் 2.3 மி.மீ. நட்டுப் பக்கம் தள்ளி விழும். அந்தக் காலத்தில் குடல் நரம்பும் மேலே தூக்கிய கம்பியும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிட்டன. இப்போதைய எஃகுக் கம்பிக்கு ஒத்து வராது.

அளக்கும்போது ஒரே ஒரு ஒழுங்கு: எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால், ஒவ்வொன்றிலும் விழும் கால் மில்லிப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். ஒரு நீள எஃகு அளவுகோலைக் கிளாம்பில் கட்டி, அதை அசைக்காமல் கூர்முனைக் கத்தியால் இருபத்திரண்டையும் குறிக்கிறேன். பென்சில் கோடே அரை மில்லி அகலம் இருக்கும், வேண்டாம்.

ஃப்ரெட் கம்பியின் அடிநாக்கு ஏறக்குறைய 0.53 மி.மீ. தடிப்பு, அதில் பக்கவாட்டில் சின்ன முட்கள். வாள் வெட்டு 0.58-லிருந்து 0.6 வரை இருக்கலாம். வெட்டு அகலமானால் ஃப்ரெட் மேலெழும்பும். குறுகலானால், இருபத்திரண்டு ஆப்பு அடித்ததற்குச் சமம், நெக்கே பின்பக்கம் வளைந்துவிடும்.

ஃபிங்கர்போர்டின் மேல்முகம் அகலவாக்கில் லேசாக உருண்டிருக்கும். அந்த உருட்டு எந்த வட்டத்தின் பகுதி என்பதே ரேடியஸ். பழைய ஃபெண்டரில் 7.25 அங்குலம், கையில் பிடிக்கச் சுகம். ஆனால் மேல் கம்பியை நடுவை நோக்கி நெடுக இழுத்தால் கம்பி உருட்டின் உச்சியில் தட்டி அடங்கிப்போகும். கமகக்காரருக்கு அது ஆகாது. 16 அங்குல ரேடியஸ், அதாவது கிட்டத்தட்டத் தட்டை. பலகையில் அந்த வளைவுக்கு ஒரு மணைக்கட்டை குடைந்து, அதில் உப்புத்தாள் ஒட்டி, நீளவாக்கிலேயே தேய்த்து வருகிறேன். குறுக்கே தேய்த்தால் ஓரம் சாய்ந்துவிடும்.

குடைவு

ஃப்ரெட்டுகளுக்கு இடையே ஃபிங்கர்போர்டைப் பிறை வடிவில் தோண்டுவதைத்தான் அவர் கேட்டார். ஷக்தி குழுவில் ஜான் மக்லாக்லின் வாசித்த கிட்டாரில் இப்படிக் குடைந்த போர்டு உண்டு. வீணையில் இந்தக் கேள்வியே எழாது. மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கின்றன, விரல் கீழே எதையும் தொடாது. கிட்டாரில் விரல்நுனி மரத்தில் படுகிறது. இழுக்கும்போது அந்த உரசல்தான் தடை. குடைந்தால் விரலுக்கும் மரத்துக்கும் தொடர்பு போய்விடும், கம்பி மட்டும் நகரும்.

முழு போர்டையும் குடையலாம், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழ் ஃப்ரெட்டுகளில் கார்டு (பல சுரங்கள் ஒன்றாக) பிடிக்கும்போது கை தன்னையறியாமல் அழுத்தும். குடைந்த போர்டில் அழுத்த அழுத்தச் சுருதி ஏறும். தேவாலயத்தில் இருபது பேர் பாடும்போது கார்டு சுருதி விலகினால் முதல் பார்வை கிட்டார்காரர் மேல்தான். பன்னிரண்டாவதிலிருந்து கடைசி வரை மட்டும் குடைவது என்று பேசி முடித்தோம்.

போர்டை 6 மில்லிக்குப் பதில் 7 மில்லி வைத்தேன், குடைவில் போவதற்கு ஈடாக. ஆழம் நடுவில் 1.5 மி.மீ. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே 17.6 மி.மீ. இருக்கிறது, தாராளம். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே 10.5 மி.மீ.தான். ஒவ்வொரு வெட்டின் இரு பக்கமும் ஃப்ரெட்டின் பாதம் உட்கார 2 மி.மீ. சமதளம் விட வேண்டும். அது போக மிச்சத்தில்தான் குடைவு. அரைவட்ட அரத்தால் தொடங்கி, பிறகு பிவிசி குழாய்த் துண்டில் சுற்றிய உப்புத்தாள். குழாயின் விட்டம் இடத்துக்கு இடம் மாறும்: பெரிய இடைவெளிக்குத் தடித்த குழாய், மேலே போகப் போக மெல்லியது. போர்டின் ஓரத்தில் ஆழக்கோடு ஒன்றைக் கத்தியால் கீறி வைத்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஃப்ரெட் அடித்தது மாசியில். இதை வேண்டுமென்றே அப்படி வைக்கிறேன். ஈரமான மாதத்தில் ஊதிய போர்டில் ஃப்ரெட்டை ஓரத்துக்குச் சமமாக ராவி விட்டால், கோடையில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. நுனிகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். காய்ந்த மாதத்தில் அடித்தால் சாரலில் மரம் கொஞ்சம் ஊதி நுனிகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். அரை மில்லிக்கும் குறைவான விஷயம்தான், ஆனால் கை அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஒட்டும் கோணமும்

தலைப்பகுதியைப் பின்னோக்கி 13 டிகிரி சாய்த்தேன். ஒரே கட்டையிலிருந்து சாய்த்து வெட்டினால் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் நார் குறுக்கே அறுபடும்; கிட்டார் கீழே விழுந்தால் முறிவது அங்கேதான். அதற்குப் பதில் கட்டையைச் சாய்வாக அறுத்து, துண்டைத் திருப்பி ஒட்டினால் தலையிலும் நார் நெடுக ஓடும். கப்பலிலும் கூரை உத்திரத்திலும் போடுகிற அதே சாய்வு ஒட்டுதான்.

தேக்கில் எண்ணெய் உண்டு, பசையை விலக்கும். ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோனில் துடைத்து, அது ஆறிய கையோடு பசை போட வேண்டும். நேற்று இழைத்து இன்று ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். தலை ஒட்டுக்குத் தண்ணீர் தாங்கும் ஃபெவிகால். ஃபிங்கர்போர்டுக்கு மட்டும் எபாக்சி: நீர் கலந்த பசை மெல்லிய போர்டின் அடிப்பக்கத்தை மட்டும் நனைத்து வளைத்துவிடும். எபாக்சியில் நீர் இல்லை.

நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்ய உள்ளே போகும் உலோகத் தண்டுதான் டிரஸ் ராட். இது இரண்டு பக்கமும் திருகும் வகை. 6 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம் குழி. முதல் ஃப்ரெட்டில் நெக்கின் மொத்தக் கனம் 20.5, போர்டு 7, ராட் 9.5 போனால் அடியில் மிஞ்சுவது 4 மி.மீ. மரம். பின்பக்கத்தை உருட்டி இழைக்கும்போது இந்தக் கழித்தலை மறந்தால் ராட் வெளியே தெரியும். பின்வடிவத்தைக் கையால்தான் எடுக்கிறேன், வளைவுச் சுரண்டியும் அரமும். வாசிப்பவரின் கையைக் காகிதத்தில் வரைந்து வாங்கியிருந்தேன். கட்டைவிரல் நெக்கின் மேலே எட்டிப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு, அதனால் மேல் தோளைக் கொஞ்சம் அதிகம் இறக்கினேன்.

நெக் பாடியில் நான்கு திருகாணியில் நிற்கிறது. ஒட்டவில்லை. சாரல் ஊரில் கழற்றிச் சரிசெய்ய முடிகிற நெக்தான் நல்லது, இது என் பிடிவாதம். இந்த இடத்தில் உயரக் கணக்கு தவறினால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது. நெக்கின் அடிப்பகுதி போர்டோடு சேர்த்து 25 மி.மீ., குழி ஆழம் 16. ஆகவே போர்டு பாடிக்கு மேலே 9 மில்லி நிற்கும். ஃப்ரெட் உயரம் 1.2. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 1.8 மி.மீ. மேலே இருக்க வேண்டும் என்றால், அதே சரிவு பிரிட்ஜுக்குப் போகும்போது ஏறக்குறைய 3 மில்லி ஆகும். கூட்டினால் 13 மி.மீ. வாங்கிய பிரிட்ஜின் சேடில், அதாவது கம்பி உட்காரும் சின்னத் துண்டு, 10-லிருந்து 15 வரை ஏறி இறங்கும், நடுவில் பொருந்துகிறது. குழியை ரூட்டரில் இறக்கும் முன் இந்தக் கூட்டலைப் பிரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டும்.

பிரிட்ஜின் இடம்: முதல் கம்பியின் சேடில் 628.65-க்கு ஒன்றரை மில்லி பின்னே, ஆறாவது மூன்று நான்கு மில்லி பின்னே வரும். கம்பியை அழுத்தும்போது அது நீண்டு சுருதி ஏறுவதற்கான ஈடு அது. தடித்த கம்பிக்கு அதிகம். சேடிலுக்குப் பின்பக்கம் போக இடம் இருக்கும்படி பிரிட்ஜைத் துளையிட வேண்டும்.

பிக்கப்

சத்தம் இங்கேதான் பிறக்கிறது, எனவே நேரத்தையும் காசையும் மரத்தில் மிச்சம் பிடித்து இங்கே போடுங்கள் என்பேன். பழைய தையல் மிஷின் மோட்டார், ஒரு சுற்று எண்ணும் கருவி, விரல் நடுவே ஒரு துண்டுத் துணி. சுற்றும் இயந்திரம் அவ்வளவுதான். அமெரிக்கக் குறிப்புகளில் 42 கேஜ் கம்பி என்று இருக்கும். நம் வைண்டிங் கடைக் கேஜ் வேறு; அங்கே 46 என்று கேட்டால் அதற்கு மிக நெருங்கியது கிடைக்கும், 0.061 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் தொளதொளக்கும். 8,000 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி போகிறது. மீட்டரில் 6.4 கிலோ ஓம் காட்டியது, சிங்கிள் காயிலுக்கு, அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு, ஆரோக்கியமான அளவு. காந்தம் ‘அல்நிகோ 5’ என்ற ரகத் தண்டுகள்.

இரைச்சலுக்கு வருவோம். கொடை மேடையில் ஜெனரேட்டர், சோக் போட்ட ட்யூப்லைட், சீரியல் செட், டிம்மர் எல்லாம் சுற்றி நிற்கும். சிங்கிள் காயில் ஆன்டெனாவாக மாறி 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு பிக்கப்பில் ஒன்றின் காந்த முனையை மாற்றி, சுற்றும் திசையையும் மாற்றினேன். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது கம்பியின் சமிக்ஞை கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 1950-களில் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்புக்குச் செய்ததும் இதே தந்திரம்தான், ஒரே பிக்கப்புக்குள் இரண்டு சுருளாக. குழிகள் முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி, ஒட்டு விளிம்புகளை ஈயம் பற்றவைத்து எர்த்தில் சேர்த்தேன். பிரிட்ஜிலிருந்தும் ஒரு கம்பி எர்த்துக்கு. கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் அந்த இணைப்பு நன்றாக இருக்கிறது. தொட்டவுடன் ஷாக் அடித்தால் கிட்டாரில் ஒன்றும் இல்லை, மேடையின் எர்த் சரியில்லை, வாசிக்காமல் இறங்கிவிடுங்கள்.

சுற்றிய சுருளை மெழுகில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் ஏற்றும்போது சுருளே அதிர்ந்து கூவும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகு மார்த்தாண்டத்துத் தேன் கடைகளில் கிடைக்கும். நேரடி நெருப்பு கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், 65 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். குமிழி வருவது நின்றால் காற்று வெளியேறிவிட்டது, எடுத்துவிடலாம்.

வயரிங்: 250 கே வால்யூம், 250 கே டோன், 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், மூன்று நிலை ஸ்விட்ச். இதில் எழுத ஒன்றுமில்லை.

பாலிஷும் செட்டிங்கும்

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரைப் பங்குனிக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளை பூக்கும். அதைத் தவிர்க்க, ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் உண்டு, ஆனால் சாரலில் ரிடார்டரும் தோற்கும். பலாவின் மஞ்சள் வெயில் பட்டு நாளாவட்டத்தில் பழுப்பாகும். சாயம் எதுவும் போடவில்லை, தானாக மாறட்டும். நெக்குக்கு லாக்கர் இல்லை. தின்னரில் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, கை வழுக்கிப் போகிறது.

நட் மாட்டெலும்பு. தொடை எலும்பைக் கொழுப்புப் போக வேகவைத்துக் காயவைத்தது. நட் வெட்டின் ஆழம் சரியா என்று பார்க்க, கம்பியை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். நெக்கின் வளைவுக்கு மோட்டார் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜே போதும்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் 0.2 மி.மீ.

வாங்கிக்கொண்டு போகும்போது அவருக்கு ஒரு ஆலன் கீயும் அந்த 0.2 தகடும் சேர்த்துக் கொடுத்தேன். ஆடியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வளையும் என்று பொது விதி பேசுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. இடைவெளி கூடியிருந்தால் வலப்பக்கம் கால் திருகு, குறைந்திருந்தால் இடப்பக்கம் கால் திருகு, பிறகு ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளக்க வேண்டும். முதல் ஆடியில் போனில் சொன்னார்: தகடு கொஞ்சம் தளர்வாகப் போகிறது, கால் திருகில் சரியாகிவிட்டது. வீணை நாதம் வந்ததா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "கொடையில ரெண்டு பிக்கப்பும் சேத்து வச்சா இரைச்சலே இல்ல சேட்டா" என்றார்.

அந்த உத்திரத்தில் மூன்றடிச் சொச்சம் மிச்சம் இருக்கிறது. அதை பேஸ் கிட்டார் நெக்குக்கு வைத்திருக்கிறேன். ஸ்கேல் 34 அங்குலம், தலையைச் சாய்வு ஒட்டில் எடுத்தால் நீளம் பற்றும். நான்கு கம்பிகளின் இழுவிசை 75 கிலோவைத் தாண்டும் என்பதால் டிரஸ் ராடுக்கு இரு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை இறக்க வேண்டியிருக்கும். அதற்கு நெக் அகலத்தில் இடம் போதுமா என்று இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.